ஏரிக்கரைக்கு ஒன்று, கரட்டுக்கு ஒன்று: ஸ்கோப்பும் டிரைபாடும் சுமக்கும் பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் இறங்க இறங்கப் பறவைகளும் தள்ளிப் போய்விடும். மாசி, பங்குனியில் சேற்றுத் திட்டில் மேயும் உள்ளானைக் கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் பழுப்பாக ஒரு புள்ளிதான் தெரியும். கால் மஞ்சளா பச்சையா, அது பொறி உள்ளானா பச்சை உள்ளானா என்று தீர்மானிக்க 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்கோப் வேண்டும். ஸ்கோப் வந்தால் அதைத் தாங்கும் முக்காலியான டிரைபாடும் கூடவே வரும். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு பாரூர் ஏரிக்கரையிலோ கெலவரப்பள்ளி அணை ஓரத்திலோ மூன்று கிலோமீட்டர் நடந்து பார்த்தவர்களில் பலர், அடுத்த தடவை ஸ்கோப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். சரியான பை இருந்தால் அந்த நிலை வராது.

எத்தனை பாக்கெட், என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. ஒரு நடையில் எத்தனை தடவை நின்று பார்ப்பீர்கள், காலடியில் ஏரிக்கரை மண்ணா, கரட்டுப் பாறையா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

முதலில் தராசு

பை தேடுமுன் சுமையை எடை போடுங்கள். வீட்டில் தொங்கு தராசு இல்லையென்றால் மளிகைக் கடைத் தராசு போதும். முன்கண்ணாடி 80 மி.மீ. அகலமுள்ள ஸ்கோப், கண் வைக்கும் ஐபீஸோடு சேர்த்து 1.7 கிலோ அளவில் இருக்கும். அலுமினிய டிரைபாட் 2.2 முதல் 2.5 கிலோ. அதன்மேல் ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் வீடியோ ஹெட் 700, 800 கிராம். ஆக ஏறத்தாழ ஐந்து கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, பைனாகுலர், மழைச் சட்டை சேர்ந்தால் எட்டு கிலோவைத் தொட்டுவிடும். அறுபது கிலோ உள்ள ஒருவர் அரை நாள் நிதானமாக நின்று நின்று பார்த்துக்கொண்டு நடக்க அதுவே மேல் எல்லை.

இதையே 65 மி.மீ. ஸ்கோப், கார்பன் டிரைபாட், சின்ன ஹெட் என்று அமைத்தால் மூன்றே கால் கிலோவில் முடியும். எவ்வளவு நல்ல பையும் ஒன்றரை கிலோவைக் குறைத்துத் தராது. அதனால் கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விலை கூடிய பையைவிட எடை குறைந்த ஹெட்டுக்குச் செலவிடுவது மேல். ஹெட்டின் எடைதான் முதுகில் மிக உயரத்தில் உட்கார்ந்து பின்னால் இழுக்கிறது.

டிரைபாடை அப்படியே தோளில் சாய்த்து நடப்பது பலருக்கும் பழக்கம். இதில் தோள் வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஸ்கோப் முதுகுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், ஒரே ஒரு 1/4 அங்குலத் திருகை நம்பித் தொங்குகிறது. நடையின் அதிர்வில் அந்தத் திருகோ, ஸ்கோப்பின் அடித்தகட்டை ஹெட்டில் பிடிக்கும் நெம்போ மெல்ல இளகும். விழும்போது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும். எந்த வகைப் பையானாலும் கிளம்புமுன் தகட்டுத் திருகை ஒரு நாணயத்தால் இறுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வகை

முதல் வகை, கேரியர். டிரைபாடின் இரண்டு கால்களோடு நிரந்தரமாகக் கட்டிவிடும் முதுகுத் தட்டு இது. தோள்பட்டையும் சின்னதாக ஒன்றிரண்டு பாக்கெட்டும் இருக்கும். ஸ்கோப் ஹெட்டின் மேலேயே இருக்கும், கழற்றுவதே இல்லை. தோளிலிருந்து இறக்கினால் கால் நிமிடத்தில் கண் ஐபீஸில் இருக்கும்.

இரண்டாவது, 30 முதல் 40 லிட்டர் கொள்ளும் மலையேற்றப் பை. ஸ்கோப் உறையோடு உள்ளே போகும், டிரைபாட் பக்கவாட்டில் நிற்கும். எடுத்துப் பொருத்த இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். ஆனால் இடுப்புப் பட்டை உண்டு, கை இரண்டும் சும்மா இருக்கும், ஸ்கோப் அடி படாது.

மூன்றாவது, டிரைபாடோடு இலவசமாக வரும் ஒற்றைப் பட்டை. காரிலிருந்து கரை ஏறும் ஐம்பது மீட்டருக்கு அது போதும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கிருஷ்ணகிரி அணை, பாரூர், கெலவரப்பள்ளி, தருமபுரிப் பக்கம் நாகாவதி, தொப்பையாறு அணைகள், ஊருக்கு ஊர் இருக்கும் ஏரிகள் எல்லாவற்றிலும் நடை ஒன்றுதான்: நூறு, இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நிற்பது, நீர்ப்பரப்பை இடமிருந்து வலமாக ஒரு முறை அலசுவது, மறுபடி நடப்பது. மூன்று கிலோமீட்டரில் இருபது நிறுத்தம் வரும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் பையைத் திறந்து மூடுவதிலேயே போகும். அதுவும் இங்கே கோடையில் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் நீரின்மேல் கானல் ஆடத் தொடங்கி 30 மடங்குக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாது. காலையில் கிடைக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தைக் கேரியர்தான் காப்பாற்றும்.

வத்தல்மலை, தீர்த்தமலை, இராயக்கோட்டைக் குன்று, மேலகிரிச் சரிவு என்று ஏறுபவர்களுக்குக் கேரியர் தொல்லை. பாறையில் கை ஊன்றிக் குனியும்போது தலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்கோப் முன்னால் சாய்ந்து ஆளையே கவிழ்க்கப் பார்க்கும். உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தால் வெளியே துருத்தும் எதுவும் மாட்டும். மலையில் நின்று பார்க்கும் இடங்களும் இரண்டு, மூன்றுதான் இருக்கும், ஆகவே மூன்று நிமிடம் ஒரு பொருட்டல்ல. அங்கே மலையேற்றப் பையே சரி. கரட்டில் ஸ்கோப்புக்கு வேலை, எதிர்ப் பாறை முகட்டில் உட்கார்ந்திருக்கும் ராஜாளி போன்றவற்றுக்கு மட்டும்தான். மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் போகிறவருக்கு பைனாகுலரே போதும். 50 அல்லது 60 மி.மீ. ஸ்கோப்பை இரவல் வாங்க முடிந்தால், மலைக்கு அதையே எடுத்துப் போங்கள்.

இரண்டுக்கும் ஒரே பை என்று விளம்பரம் செய்யப்படுபவை உண்டு. கேரியராகவும் மலையேற்றப் பையாகவும் மாறும் பையில் பொதுவாகத் தட்டு வளைந்து கொடுக்கும், இடுப்புப் பட்டை பெயருக்கு இருக்கும். நீங்கள் பத்துக்கு எட்டு தடவை எங்கே போகிறீர்களோ, அதற்கான பையை மட்டும் வாங்குங்கள்.

கேரியரில் பார்க்க வேண்டியது: கால் விரியும் இடைவெளி

வாங்கும்போதும் தைக்கும்போதும் முதலில் தவறுவது இங்கேதான். கேரியரில் இரண்டு கால்கள் கட்டுண்டிருக்கும், மூன்றாவது கால் முதுகுக்கு எதிர்ப்புறமாகச் சும்மா இருக்கும். இறக்கி வைத்ததும் மூன்றும் விரிய வேண்டும், கேரியர் அந்த இரண்டு கால்களுக்கு நடுவே தொங்கும்.

டிரைபாடின் கால் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 24 பாகை விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து 15 செ.மீ. கீழே அளந்தால் இரண்டு கால்களுக்கு நடுவே 11 செ.மீ. இடைவெளி. 45 செ.மீ. கீழே அளந்தால் அதுவே 32 செ.மீ. கீல்கள் பொருந்திய நடுத்துண்டின் அகலத்தையும் சேர்த்தால் இன்னும் நான்கைந்து செ.மீ. கூடும். மடக்கி வைத்தால் அதே இடத்தில் இடைவெளி ஆறு, ஏழு செ.மீ.தான். அதாவது கால்களைத் தட்டோடு கட்டும் பட்டைகளில் மேல்பட்டைகள் அதிகம் நகரத் தேவையில்லை. கீழ்ப்பட்டைகள் முப்பது செ.மீ. அளவுக்கு விலகியாக வேண்டும்.

கீழ்ப்பட்டையை இறுக்கமாகத் தைத்துவிட்ட கேரியரில் கால்கள் பாதிதான் விரியும். பார்க்க நிற்பது போல நிற்கும். அணைக்கரையில் ஒரு காற்று அடித்தால் சாய்ந்துவிடும். அதனால் கடையிலானாலும் ஆன்லைனிலானாலும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கீழ்ப்பட்டையில் ஒரே கையால் விடுவிக்கும் கிளிப் இருக்கிறதா, அல்லது அந்த இடத்தில் தட்டு அகலமாகி நாடா தளர்வாக ஓட இடம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உங்கள் டிரைபாடை வழக்கமாக நிறுத்தும் விரிவில் வைத்து, கீலுக்கு 45 செ.மீ. கீழே டேப் பிடித்து அளந்து எழுதி வைத்துக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மேல்பட்டை, கீழ்ப்பட்டை இரண்டும் காலின் தடித்த முதல் குழாயிலேயே, முதல் பூட்டுக்கு மேலேயே வர வேண்டும். இரண்டாவது குழாயில் கட்டினால் ஒவ்வொரு முறை காலை நீட்டும்போதும் கேரியரும் கூடவே இறங்கும், பட்டை பூட்டின் நெம்பை மறைக்கும். வழவழப்பான கார்பன் குழாயில் பட்டை வழுக்கிக் கீழே வருவது இன்னொரு தொல்லை. பழைய சைக்கிள் ட்யூபில் ஐந்து செ.மீ. அகலத் துண்டு வெட்டிக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்கினால் நகராது.

அடுத்தது உயரம். மடக்கிய டிரைபாட் 65 செ.மீ., ஹெட் 12 செ.மீ., ஆக 77. டிரைபாடின் பாதங்கள் உங்கள் பிட்டத்துக்குக் கீழே இறங்கினால் படி ஏறும்போது தொடையின் பின்புறம் இடிக்கும். அதற்கு மேலே நிறுத்தினால் ஹெட் தோளுக்கு மேலே ஒரு சாண் எழும்பி ஸ்கோப் பின்மண்டையைத் தட்டும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் கட்ட முடியும். உயரமானவருக்குப் பிரச்சினை இல்லை. ஐந்தடி, ஐந்தேகால் அடி உயரம் உள்ளவர்கள் மடக்கினால் 55 செ.மீ.க்குள் வரும் நான்கு பகுதி டிரைபாடுக்கு மாறாமல் கேரியர் வாங்காமலிருப்பது நல்லது.

ஸ்கோப்பைக் கிடையாக விட்டுவிட்டு நடக்கக் கூடாது. ஹெட்டைச் சாய்த்து, பெரிய கண்ணாடிப் பக்கம் தரையைப் பார்க்க, குழல் மூன்றாவது காலுக்கு இணையாகத் தொங்கும்படி வைத்து, சாய்வுப் பூட்டு, சுழல் பூட்டு இரண்டையும் இறுக்குங்கள். எடை கீழே இறங்கும், கண்ணாடியில் தூசு படியாது. ஆனால் இப்படிச் சாய்க்கும்போது ஹெட்டின் கைப்பிடி தலைக்கு மேலே கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். மாந்தோப்பு வழியாக ஏரிக்குப் போகிற பாதைகளில் தாழ்ந்த கிளை முதலில் இதைத்தான் பிடிக்கும். கைப்பிடியின் அடித்திருகைத் தளர்த்திப் பக்கவாட்டில் மடக்கிவிடுங்கள். மடங்காத கைப்பிடி என்றால் ஸ்கோப்பை மறுபுறம் சாய்த்து வானம் பார்க்க வைக்கலாம். அப்போது மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தோள், முதுகு, இடுப்பு

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான கோடு வரை முதுகில் டேப் வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு 40 முதல் 52 செ.மீ.க்குள் வரும். மலையேற்றப் பை வாங்கினால் இந்த அளவுக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். இடுப்புப் பட்டை எலும்பின்மேல் உட்கார்ந்தால்தான் எடை காலுக்கு இறங்கும். வயிற்றில் உட்கார்ந்தால் மூச்சை மட்டும்தான் பிடிக்கும்.

கேரியர்களில் பலவற்றுக்கு இடுப்பில் 25 மி.மீ. நாடா ஒன்று மட்டும் இருக்கும். அது ஆட்டத்தை நிறுத்தும், எடையைத் தாங்காது. ஆகவே முழுச் சுமையும் தோளில்தான். தோள்பட்டை ஆறு, ஏழு செ.மீ. அகலமும் ஒரு செ.மீ. தடிமனுமாவது இருக்கட்டும். கட்டைவிரலால் பட்டையை அழுத்திப் பாருங்கள். விரல் மறுபுறம் வரை அமுங்கினால் உள்ளே இருப்பது சாதா ஸ்பான்ஜ், மூன்றே மாதத்தில் தட்டையாகிவிடும். அழுத்தியும் எதிர்த்து நின்றால் ஈ.வி.ஏ. ஃபோம். சாதா ஸ்பான்ஜுக்கு இன்னொரு குறை, வேர்வையைக் குடித்துவிட்டு உலராது. தருமபுரி சித்திரை வெயிலில் அந்தப் பை என்ன வாடை வீசும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மார்புப் பட்டை அவசியம். அது இல்லாவிட்டால் பக்கவாட்டில் திரும்பும்போது தோள்பட்டை நழுவும். ஆனால் பைனாகுலரும் அங்கேதான் தொங்குகிறது. மார்புப் பட்டை மேலும் கீழும் நகரும்படி இருந்தால், அதைக் காறையெலும்புக்கு நான்கு விரல் கீழே வைத்து, பைனாகுலரை அதற்கும் கீழே தொங்கவிடலாம். பெண்களுக்கு இந்த நகரும் வசதியும், நேராக இல்லாமல் வளைந்து இறங்கும் தோள்பட்டையும் கட்டாயம் வேண்டும்.

துணி, நாடா, கிளிப்

துணி 600 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர் என்றால் ஏரிக்கரைக்குப் போதும். சீமைக் கருவேலம் மண்டிய அணைப் படுகையில் புகுந்து போகிறவருக்கு 1000 டெனியர் நைலான் நல்லது. உட்புறப் பூச்சு விரலில் பிசுபிசுத்தால் அது பழைய சரக்கு. அடுத்த மழைக்குத் தோல் தோலாக உரியும்.

நாடாவில் மூன்று சாதி. பாலிப்ரோப்பிலீன் மலிவு, நீரை உறிஞ்சாது, ஆனால் வெயிலில் பொரிந்து மேலே மயிர் மயிராகக் கிளம்பும். நைலான் உறுதி, நனைந்தால் கொஞ்சம் நீளும், அதனால் மழையில் பட்டை தளரும். பாலியஸ்டர் இரண்டுக்கும் தேவலை. வெயில் அதிகம் உள்ள நம் பக்கத்துக்கு அதுவே பொருத்தம்.

கால்களைப் பிடிக்கும் இடத்தில் வெல்க்ரோ வைத்த கேரியர்கள் நிறைய வருகின்றன. தவிர்த்துவிடுங்கள். கார்த்திகைக்குப் பிறகு கரையோரத்தில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் காய்ந்து நிற்கும். இரண்டு நடைக்குள் வெல்க்ரோவின் கொக்கி முழுவதும் விதை. பிறகு அது பிடிக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டால் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் வாரிச் சுத்தம் செய்யலாம், கொஞ்ச நாள் ஓடும். கிளிப்புகளில் தடித்த பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள், வெயிலில் வெளுத்து வெள்ளைக் கோடு விழுந்த கிளிப்பை உடனே மாற்றுங்கள். அது அறிவிக்காமல் உடையும்.

நிறம்: காய்ந்த புல், மண், ஆலிவ். ராணுவப் புள்ளி போட்ட துணி வேண்டாம். கால் மூன்று உள்ள எதையாவது தோளில் சுமந்து வந்தாலே ஓசூர், சூளகிரிப் பக்கத்தில் "ரோட்டுக்கு அளக்க வந்தீங்களா, கம்பெனிக்கா?" என்று ஒரு கூட்டம் கேட்கும். பறவைக்கு என்று சொல்லி ஸ்கோப்பில் ஒரு நாமக்கோழியைக் காட்டினால் அதோடு சரி. ராணுவ உடுப்பு போட்ட பையோடு அணைப் பக்கம் போனால் கேள்வி கேட்பவர் வேறு ஆளாக இருப்பார்.

இங்கேயே தைத்துக்கொள்வது

கேரியர் வகை கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டக் கடைகளில் தொங்குவதில்லை. ஆன்லைனில் வரவழைக்கலாம். பெங்களூரில் சென்று தேடலாம், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். அல்லது பை தைக்கும் கடையில் கொடுத்துத் தைக்கலாம். தையல் எளிது, அளவு சரியாகச் சொன்னால் நன்றாகவே வரும்.

தட்டு 48 செ.மீ. உயரம், மேலே 22, கீழே 32 செ.மீ. அகலம். உள்ளே விறைப்புக்கு 5 மி.மீ. சன்பேக் ஷீட் (உள்ளே நெளிவு ஓடும் பிளாஸ்டிக் அட்டை), பிளெக்ஸ் அடிக்கும் கடையில் மீதித் துண்டு கிடைக்கும். நெளிவு செங்குத்தாக ஓடும்படி வெட்டுங்கள், குறுக்காக ஓடினால் முதுகில் இரண்டாக மடியும். முதுகுப் பக்கம் 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட், அதன்மேல் வலைத்துணி.

தோள்பட்டை ஒவ்வொன்றும் 45 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். கீழே இறக்கி ஏற்ற 25 மி.மீ. நாடா 45 செ.மீ. நீளத்தில் இரண்டு, அவற்றுக்கு, நாடாவை இழுத்து இறுக்கும் ஏணி பக்கிள் இரண்டு. மேல் கால்பட்டை 40 செ.மீ. நீளத்தில் இரண்டு, பக்கிளோடு, 12 செ.மீ. இடைவெளியில். கீழ்க் கால்பட்டை அதே நீளத்தில் இரண்டு, கிளிப்போடு, தட்டின் கீழ் விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. உள்ளே. மூன்றாவது காலை மற்ற இரண்டோடு சேர்த்துக் கட்ட ஒரு கிளிப் நாடா. இடுப்புக்கு 38 மி.மீ. நாடா 1.2 மீட்டர். மொத்தத்தில் 25 மி.மீ. நாடா நான்கு மீட்டர் வாங்கினால் கழிவு போகச் சரியாக இருக்கும்.

பை கிழிவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: தோள்பட்டை தட்டோடு சேரும் மேல் முனை. துணியின் விளிம்பில் மட்டும் தைத்து விடுவார்கள், அது வேண்டாம் என்று சொல்லுங்கள். 38 மி.மீ. நாடா இரண்டைத் தட்டின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஓட்டி, தோள்பட்டை அந்த நாடாவோடு சேர வேண்டும். சேரும் இடத்தில் நான்கு செ.மீ. சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி. நூல் பாலியஸ்டரோ நைலானோ, பருத்தி வேண்டவே வேண்டாம், வேர்வையில் மக்கும். ஊசி 18ஆம் எண். வீட்டு மெஷின் இந்தத் தடிமனை இழுக்காது. நாடா முனைகளை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

இறக்குவது, ஏற்றுவது

தூக்கும்போது முழங்கால் மடங்க வேண்டும். டிரைபாடைப் பாதம் தரையில் ஊன்ற நிறுத்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு தோளையும் நுழைத்து, நேராக எழுந்திருங்கள். இடுப்பு நாடா, பிறகு மார்புப் பட்டை. ஒரு தோளில் மாட்டி வீசி எடுத்தால் ஸ்கோப் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படும்.

இறக்கும்போது மார்பு, இடுப்பு கிளிப்புகளை முதலில் விடுவித்து, இடது தோளை உருவி, வலது கையால் கீல்கள் சேரும் இடத்தைப் பிடித்து முன்னால் கொண்டுவாருங்கள். பாதம் தரையைத் தொட்டபின் கீழ்க் கிளிப், மூன்றாவது காலின் கிளிப். பிறகு கால்களை விரியுங்கள். உயரம் கூட்டத் தடித்த குழாயை முதலில் நீட்டுவதுதான் வழக்கம், உறுதியும் கூட. சேற்றில் மட்டும் மாற்றிச் செய்யுங்கள்: கடைசி மெல்லிய குழாயை முதலில் நீட்டினால் பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். அணை வண்டல் பூட்டுக்குள் புகுந்து காய்ந்தால் கால் நகரவே நகராது.

விரித்த டிரைபாடில் தொங்கும் கேரியர் கொஞ்சம் எடையாக நின்று ஆட்டத்தைக் குறைக்கும் என்பார்கள். பாதிதான் உண்மை. காற்றில்லாத காலையில் சரி. ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று அணைக்கரையில் வீசும்போது காலித் தட்டு பாய்மரம் போல அடித்து, 40 மடங்கில் படம் நடுங்கும். கீழ்ப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டிரைபாடைத் தாழ்த்தி, காற்றை முதுகில் வாங்கி உட்கார்ந்து பாருங்கள்.

மலையேற்றப் பையில் டிரைபாடை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் இரண்டு லிட்டர் தண்ணீர். இல்லையென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே தோளில் இழுத்து மாலையில் கழுத்து பிடிக்கும். தண்ணீரைக் குடிக்கக் குடிக்கச் சாப்பாட்டுப் பையை அந்தப் பக்கம் மாற்றுங்கள். ஸ்கோப்பை ஐபீஸ் மேலே இருக்க, முதுகை ஒட்டி, அடியில் மழைச் சட்டையை மெத்தையாகப் போட்டு நிறுத்துங்கள். பையின் பின்னால், வெளியே நடுவில் டிரைபாடைக் கட்டும் வசதி இருந்தாலும் ஏற்றத்தில் பயன்படுத்த வேண்டாம். முதுகிலிருந்து விலகும் ஒவ்வொரு அங்குலமும் பின்னால் இழுக்கும்.

வண்டியில், பேருந்தில், காட்டில்

பைக்கில் போகும்போது ஸ்கோப் பொருத்திய கேரியரை முதுகில் மாட்டவே கூடாது. ஹெல்மெட்டின் பின்புறம் ஹெட் இடித்துக்கொண்டே வரும், தலையை நிமிர்த்தி ரோட்டைப் பார்க்க முடியாது. விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே உலோகக் குழாய் இருக்கும். ஸ்கோப்பைக் கழற்றி உறையில் போட்டுச் சின்னப் பையில் முதுகோடு வையுங்கள், உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். டிரைபாடைச் சேலை கார்டை ஒட்டி நீளவாக்கில், ரப்பர் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டலாம். பாதம் பின்பக்கம் இருக்கட்டும். சைலன்சர் பக்கம் வேண்டாம், நாடாவும் ரப்பரும் உருகும். டவுன் பஸ்ஸில் ஸ்கோப் மடியில், டிரைபாட் இருக்கைக்கு அடியில் குறுக்கே இல்லாமல் நீளவாக்கில்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கக் காடுகளில் பெரும்பகுதி 2014இல் அறிவித்த காவிரி வடக்கு, 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் நடக்க முடியாது. காட்டோரக் கிராமங்களில்கூட ராகி முற்றும் பருவத்தில் யானை வரும் போகும். அங்கே அதிகாலையில் தனியாகப் போக வேண்டாம். பையின் எல்லாக் கிளிப்பும் ஒரு கையால், பார்க்காமல் கழற்ற வருகிறதா என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஓட வேண்டி வந்தால் ஐந்து கிலோவைக் கீழே போட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும்.

வாங்கிய வாரத்தில்

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடியுமுன் முழுச் சுமையோடு சோதியுங்கள். ஸ்கோப்புக்குப் பதில் இரண்டு கிலோ அரிசியைத் துணியில் சுற்றி ஹெட்டில் கட்டலாம். அரை மணி நேரம் நடந்து, மாடிப்படி பத்து முறை ஏறி இறங்குங்கள். தோளில் ஒரே இடத்தில் சிவப்புத் தடம் விழுந்தால் பட்டை குறுகல் அல்லது பஞ்சு மெலிவு. பாதம் தொடையில் தட்டினால் மேல்பட்டையை இரண்டு செ.மீ. இறக்கிக் கட்டிப் பாருங்கள், டிரைபாட் அந்த அளவுக்கு மேலே ஏறும். கண்ணை மூடிக்கொண்டு கால் விரித்து நிறுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பத்துத் தடவைக்குப் பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் கிளிப்பின் இடம் உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை. அதைச் சரி செய்ய முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் மார்கழி பிறக்குமுன்பே வாங்கிவிடுங்கள். தையல்காரரிடம் கொடுப்பதானால் இன்னும் முன்னால், தீபாவளித் துணி நெரிசல் தொடங்குமுன் கொடுங்கள்.